இன்ஸ்பயர் அக்காவின் கோடைக் குறிப்புகள்

மே 6, 2019, திங்கள்

விடுமுறையில் எதற்குக் கல்லூரி என்று அம்மாவுக்கு விளக்கி முடிப்பதற்குள் முக்கூடலிலிருந்து கிளம்பும் ஐந்தேகால் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே திருநெல்வேலி வந்தேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் தங்கள் வாரியத்தின் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து, பட்டப்படிப்பில் அடிப்படை அறிவியலை எடுத்தவர்களுக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை இன்ஸ்பயர் உதவித்தொகை கொடுக்கிறது. ஆண்டுக்கு 80,000 ரூபாய். மாதம் 5,000 என்ற கணக்கில் 60,000 நமக்கு. மீதி 20,000 கோடை ஆராய்ச்சிக்கு. ஒரு வழிகாட்டியிடம் ஆறு முதல் எட்டு வாரம் வேலை செய்து, அறிக்கையும் சான்றிதழும் அனுப்ப வேண்டும். 2017-இல் நான் பொறியியல் கலந்தாய்வுக்குப் போகாமல் பி.எஸ்சி. வேதியியலில் சேர்ந்தபோது தெருவே துக்கம் விசாரித்தது. அந்த 5,000 ரூபாயைப் பற்றிக் கேள்விப்பட்ட பிறகுதான் விசாரிப்பு நின்றது.

எனக்கு வழிகாட்டியாக இருக்கும் சார் ஒரு நிபந்தனை வைத்தார். “தனியாகச் செய்யாதே. முதலாண்டு முடித்த இரண்டு பேரைச் சேர்த்துக்கொள். ஆராய்ச்சிக்கு அரசாங்கம் பணம் தருகிறது. ஆட்களைச் சேர்த்து வேலை நடத்துவதை நான் உனக்குப் பாடமாக வைக்கிறேன்.”

இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்றார்கள். பாட்டில் சுமக்கும் தங்கையைப் பாட்டில்காரி என்றும், நோட்டு எழுதும் தம்பியைக் கணக்கப்பிள்ளை என்றும் வைத்துக்கொள்கிறேன்.

மே 8, புதன்

தாமிரபரணியில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளப்பது எங்கள் வேலை. ஆற்றில் கழிவு சேர்ந்தால் அது குறையும். சென்ற அக்டோபரில் மகா புஷ்கர நீராடலுக்கு வந்த கூட்டத்தைப் படித்துறையில் நின்று பார்த்தபோதே இந்த எண்ணம் விழுந்துவிட்டது. ஞாயிறு தவிர தினமும் காலை ஆறரைக்குள் இரண்டு இடங்களில், இடத்துக்கு இரண்டு பாட்டிலாக, தண்ணீர் எடுக்க வேண்டும். ஒன்று குறுக்குத்துறை, முருகன் கோயிலுக்குச் சற்று மேலே. மற்றொன்று கொக்கிரகுளம் பக்கம், சுலோச்சன முதலியார் பாலத்துக்குக் கீழே. 1843-இல் சொந்தப் பணத்தைப் போட்டு அவர் கட்டிய பாலம் அது. இன்னும் பஸ்ஸைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

முறை, வேதியியலாளர் விங்க்ளர் 1888-இல் சொன்னது. 300 மில்லி பாட்டிலைக் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி, கரையிலேயே மாங்கனஸ் சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் விட வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகப் படியும், இல்லாவிட்டால் வெள்ளையாகவே இருக்கும். முதல் பாட்டிலில் பனங்கருப்பட்டி கரைந்ததுபோல் பழுப்பு இறங்கியதும் பாட்டில்காரி கை தட்டினாள். பிறகு ஆய்வகத்தில் கந்தக அமிலம் விட்டால் படிவு கரைந்து அயோடின் மஞ்சள் வரும். ப்யூரெட் என்னும் அளவுக்கோடு போட்ட குழாயிலிருந்து தயோசல்பேட்டை அதில் சொட்டுச் சொட்டாக விட்டு டைட்ரேஷன் செய்து, கடைசியில் ஸ்டார்ச் விட்டு, நீலம் மறையும் இடத்தைப் பிடிக்க வேண்டும். இறங்கிய மில்லிதான் விடை. 200 மில்லி தண்ணீருக்கு என்-பை-40, அதாவது 0.025 நார்மல் வலுவுள்ள தயோசல்பேட் ஒரு மில்லி இறங்கினால், லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஆக்சிஜன்.

இருவரும் கேள்வியாய்க் கேட்டார்கள். பாட்டிலை ஏன் சாய்த்துப் பிடிக்க வேண்டும், ப்யூரெட்டை ஏன் இரண்டு முறை கழுவ வேண்டும். “வேலை நேரத்தில் கேள்வி வேண்டாம், எல்லாவற்றையும் மாலையில் கேளுங்கள்” என்றேன். கறாராக இருப்பது எனக்கே பிடித்திருந்தது.

மே 14, செவ்வாய்

8.8, 9.1, 9.0. குறுக்குத்துறைத் தண்ணீர் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைக்கவில்லை. அறிக்கையின் கடைசிப் பத்தியை இப்போதே மனதில் எழுதிவிட்டேன்.

மாலைக் கேள்வி நேரம் இன்னும் நடக்கவில்லை. மூன்றரை பஸ்ஸை விட்டால் வீட்டுக்குப் போக இருட்டிவிடுகிறது.

மே 20, திங்கள்

சார் நோட்டைப் புரட்டினார். “காலையில் தண்ணீர் என்ன சூடு?”

“30 டிகிரி, சார்.”

“30 டிகிரியில் தண்ணீர் எவ்வளவு ஆக்சிஜன் பிடிக்கும்?”

ஆய்வகச் சுவரில் அட்டவணை ஒட்டியிருக்கிறது. இரண்டு ஆண்டுகளாக அதற்குக் கீழேதான் பையைத் தொங்கவிடுகிறேன். ஏழரைக்குச் சற்றே மேல் என்று போட்டிருக்கிறது. எங்கள் நோட்டில் 9.

பாட்டில்காரிதான் வாயைத் திறந்தாள். “பாசி இருந்தால் கூடுமே சார்?” கூடும், நல்ல கேள்வி என்றார் சார். வெயிலில் பாசி ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருந்தால் அந்த அளவைத் தாண்டுவது உண்டு. ஆனால் அது மதியத்தில். இரவெல்லாம் மீனும் பாசியும் மூச்சு விட்ட பிறகு, விடியற்காலையில் ஆற்றில் ஆக்சிஜன் குறைந்துதான் இருக்க வேண்டும்.

“தயோசல்பேட் யார் போட்டது?”

அலமாரியில் இருந்தது. லேபிளில் ‘என்-பை-40’ என்று இருந்தது, தேதி இல்லை. அதன் வலு சரிதானா என்று நான் தரப்படுத்திப் பார்க்கவில்லை.

சார் போன பிறகு நோட்டைத் திரும்பப் பார்த்தேன். மே 9-ஆம் தேதி அளவீட்டுக்குப் பக்கத்தில் பென்சிலில் மெலிதாக ஒரு கேள்விக்குறி. கணக்கப்பிள்ளை போட்டது. இரண்டாம் நாளே சுவர் அட்டவணையைப் பார்த்திருக்கிறான்.

“ஏன் சொல்லவில்லை?”

“மாலையில் கேட்கச் சொன்னீர்கள். மாலையில் நீங்கள் இருக்கவில்லை. நீங்கள் இன்ஸ்பயர் அக்கா, உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.”

என்னை இப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்பதே இன்றுதான் தெரியும். கோபம் அவன்மேல்தான் முதலில் வந்தது. பஸ்ஸில் வரும்போது சேரன்மகாதேவி தாண்டுவதற்குள் இடம் மாறிவிட்டது.

மே 21, செவ்வாய்

வலு சரியாகத் தெரிந்த பொட்டாசியம் டைக்ரோமேட்டை வைத்துத் தயோசல்பேட்டைச் சோதித்துப் பார்த்தோம். அயோடைடும் அமிலமும் விட்டு, இருட்டில் ஐந்து நிமிடம் வைத்து, பழைய தயோசல்பேட்டை இறக்கினோம். இதில் முடிவில் நீலம் போய் நிறமற்றதாக ஆகாது, வெளிர் பச்சை வரும். 10 மில்லிக்கு 10 மில்லி இறங்கியிருக்க வேண்டும். இறங்கியது 12.5. மூன்று முறையும் அதே.

0.025 என்று நம்பியது 0.02 ஆகிவிட்டிருக்கிறது. தயோசல்பேட் பாட்டிலில் இருந்தபடியே சிதையும் பொருள், கிருமிக்கும் அது இரை. வலு குறைந்தால் அதே அயோடினுக்கு அதிக மில்லி இறங்கும், ஆறு சுத்தமானதுபோல் தெரியும்.

“9-ஐ 0.8-ஆல் பெருக்கினால் 7.2, பொருந்துகிறதே” என்றேன் ஆசையாக. “இன்றைய வலு தெரியும். 8-ஆம் தேதி என்ன வலு?” என்றார் சார்.

அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. பதினொரு நாள், 44 பாட்டில். கொதிக்க வைத்து ஆறிய காய்ச்சி வடித்த நீரில் புதிதாகத் தயாரித்தோம். பழுப்பு பாட்டில், லேபிளில் தேதி, போட்டவர் கையெழுத்து.

மே 22, புதன்

அம்மா பீடி சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். முழுதாகப் புரிந்ததோ இல்லையோ, ஒரு இடத்தில் கை நின்றது. கடையில் பீடியைக் கொடுக்கும்போது கட்டைப் பிரித்துப் பார்த்து, இது கழிவு, அது கழிவு என்று ஒதுக்குவார்கள். ஒதுக்கியதற்குக் கூலி கிடையாது. அதில் அவளுக்கு முப்பது ஆண்டு வயிற்றெரிச்சல் இருக்கிறது.

“யார் கழித்தது, உங்கள் சாரா?”

“நாங்களேதான் அம்மா.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் வேலையைத் தானே கழிக்கிற ஆளை அவள் இதுவரை பார்த்ததில்லையாம்.

மே 23, வியாழன்

தேர்தல் முடிவு. டீக்கடை டிவி முன்னால் ஊரே நின்றது. ஆற்றில் நாங்கள் மூன்று பேரும் நான்கு கொக்கும்தான்.

ஜூன் 3, திங்கள்

பள்ளிகள் திறந்துவிட்டன, பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. மேல்காற்று வீசத் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் சாரலாம், நமக்கு இங்கே தூசிதான்.

கேள்வித் தடையை எடுத்து இரண்டு வாரம் ஆகிறது. உண்மையைச் சொன்னால், தொல்லை தாங்கவில்லை. பாட்டில்காரி ஒரு டைட்ரேஷனுக்கு நான்கு கேள்வி கேட்கிறாள், அதில் மூன்று புத்தகத்தில் இருப்பவை. நான்காவது சில நாள் என்னை நூலகத்துக்கு அனுப்பிவிடுகிறது. இன்று கணக்கப்பிள்ளை என் ப்யூரெட் அளவைத் தள்ளிவிட்டான். கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவராமல் மேலேயிருந்து படித்தேனாம். முறைத்துவிட்டு மறுபடி படித்தேன். 0.1 வித்தியாசம்.

குறுக்குத்துறையில் தினமும் குளிக்க வரும் தாத்தா, “தண்ணீர் குளிக்கத் தகுதியா, சொல்லு தாயி” என்று கேட்டார். குளிக்கும் நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்த அளவில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது. ஆனால் அது ஒன்றுதான். பி.ஓ.டி., அதாவது கழிவைச் சிதைக்கக் கிருமிகள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன், 3-ஐத் தாண்டக்கூடாது, மலக்கிருமி எண்ணிக்கைக்கும் தனி வரம்பு உண்டு. நாங்கள் முதலாவதை மட்டும்தான் அளக்கிறோம் என்றேன். “அப்போ பாதி படிப்புதான்” என்று முங்கிவிட்டார்.

புதிய அளவீடுகளை இங்கே எழுத மாட்டேன். சார் பார்த்து முடிக்கும்வரை வெளியே போகக்கூடாது.

ஜூன் 17, திங்கள்

ஆறு வாரம் முடிந்தது. சார் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டார். கழித்த பதினொரு நாளுக்கு அறிக்கையில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். பின்னிணைப்பாக மே 9 நோட்டுப் பக்கத்தின் நகலையும் வைக்கச் சொன்னார்.

ஜெராக்ஸில் அந்தக் கேள்விக்குறி விழவே இல்லை. பென்சில் அவ்வளவு மெலிது. பேனாவால் ஒருமுறை மேலே எழுதிக் கொடு என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டேன். மாட்டேன் என்றான். “அன்றைக்குப் பென்சிலில்தானே அக்கா போட்டேன்?”

கடைக்காரர் கறுப்பைக் கூட்டி வைத்து மறுபடி எடுத்தார். பக்கம் முழுவதும் சாம்பல் பூத்துவிட்டது. கேள்விக்குறி தெரிகிறது. இரண்டு ரூபாய்.