காட்டுக்குள் கேட்ட ஸ்டவ் சத்தம்

நடுக்காட்டில் என் வலது கால் ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளந்துகொண்டது. நாலு எட்டு வைப்பதற்குள் இடதும் அண்ணன் போன வழியிலேயே போனது. வாங்கி ஏழு வருஷம் ஆகிறது, போட்டது பத்துத் தடவை இருக்காது. பட்டுப்புடவையைப் பீரோவில் வைத்துக் காப்பாற்றுகிற மாதிரி அட்டைப்பெட்டியில் வைத்துக் காப்பாற்றியிருந்தேன்.

"பெட்டியில் வைத்தால் மட்டும் பிழைக்குமா?" என்று சிரித்தார் பெரியவர். அடிப்பாகத்துக்குள் மெத்தென்று இருக்கிறதே பாலியூரித்தேன், அது காற்றின் ஈரத்தை வாங்கி வாங்கி, போட்டாலும் போடாவிட்டாலும் சில வருஷத்தில் பொடிந்துவிடுமாம். அவர் காலில் கிடந்தது நூலால் தைத்த தோல் பூட்ஸ். 1974-இல் வாங்கி, மூன்று தடவை அடி மாற்றியிருக்கிறார். எனக்கே அந்த பூட்ஸைவிட வயது குறைவு.

பெரியவர் என் அலுவலகத் தோழியின் அப்பா, வயது 78. ஸ்வீடனில் எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். 1960-களின் கடைசியில் மரியாதைப் பன்மையையும் பட்டப் பேர்களையும் மூட்டை கட்டிவிட்ட தேசம் இது. ஒன்பது வருஷத்தில் உறைபனிக்குப் பழகிவிட்டேன், ஊறப்போட்ட ஹெர்ரிங் மீனுக்குக்கூடப் பழகிவிட்டேன். இது மட்டும் நாக்கில் வரமாட்டேன் என்கிறது. அவர் பக்கத்தில் போய்த் தொண்டையைக் கனைப்பேன். அவரும் அதையே தன் பேராக எடுத்துக்கொண்டு திரும்புவார்.

நாங்கள் போயிருந்தது சோர்ம்லாண்ட்ஸ்லேடன் பாதையில். ஸ்டாக்ஹோமில் மெட்ரோ ஏறி பியோர்க்ஹாகெனில் இறங்கினால், கொஞ்ச தூரத்திலேயே காடு. மரத்துக்கு மரம் ஆரஞ்சுப் பட்டை அடித்திருப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டே 1,000 கிலோமீட்டருக்கு மேல் நடக்கலாம். எனக்கு நாலு கிலோமீட்டரிலேயே ஷூவுக்குக் கயிறு கட்ட வேண்டியதாகிவிட்டது. கயிறும் அவருடையதுதான். அலுமினியச் சட்டம் வைத்த பழைய கான்வாஸ் பையில் அவருக்கு எல்லாம் இருந்தது. பக்கத்தில் பளபளவென்று என் புதுப் பை, ஜிப் மூடாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

ஏரிக்கரையில் உட்கார்ந்ததும் அந்தப் பைக்குள்ளிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்தார். திறந்தார். பித்தளை வயிறு, மூன்று கால், பக்கவாட்டில் பம்பு.

எங்கள் வீட்டு ஸ்டவ்.

அளவில் கொஞ்சம் சிறிசு, அவ்வளவுதான். "இது பிரீமுஸ். பார்த்திருக்க மாட்டாய்" என்று ஆரம்பித்தார். முதலில் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் பர்னரைச் சூடாக்க வேண்டும், அவசரப்பட்டுப் பம்பு அடித்தால்... நான் தொண்டையைக் கனைக்கவில்லை, கையிலிருந்தே வாங்கிவிட்டேன். எங்கள் அடுக்களையில் ஸ்பிரிட்டெல்லாம் கிடையாது, சீமெண்ணெயையே கிண்ணத்தில் விட்டுக் கொளுத்துவாள் அம்மா. சுவரே கரியாகும். இவர் கொடுத்தது சிவப்பு ஸ்பிரிட். அது எரிந்து அணையப் போகிற நேரம் பார்த்துத் திருகை மூடி, நாலு பம்பு. நீல ஜ்வாலை வட்டமாக எழுந்து அந்தச் சத்தம் வந்தது. விடிகாலை ஐந்து மணிக்கு எங்களைப் படிக்க எழுப்பிவிட்ட அதே இரைச்சல். பெரியவர் என்னையும் ஸ்டவ்வையும் மாறி மாறிப் பார்த்தார்.

1892-இல் ஸ்டாக்ஹோமில் ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் என்பவர் செய்ததாம் முதல் பிரீமுஸ் ஸ்டவ். திரி கிடையாது. சூடான குழாய்க்குள் எண்ணெய் ஆவியாகி, ஊசித் துளை வழியே சீறி வந்து எரியும், அதனால் பாத்திரத்தில் கரி பிடிக்காது. 1911-இல் அமுண்ட்சென் தென்துருவத்துக்குப் போனபோது பனியை உருக்கித் தண்ணீராக்கியதும் பிரீமுஸில்தான். எங்கள் வீட்டில் அதில் சோறு பொங்கினோம், பொங்கிய கஞ்சித் தண்ணீர் வழிந்து பர்னர் அணைந்து அப்பாவிடம் திட்டு வாங்கினோம். பம்பு இறங்காவிட்டால் தோல் வாஷரைக் கழற்றித் தேங்காய் எண்ணெய் போடுவது என் வேலை. நிப்பிளில், அதாவது அந்த ஊசித் துளையில், அடைப்பு என்றால் பின் குத்துவது (தகரப் பட்டையின் நுனியில் மெல்லிய கம்பி, அதுதான் பின்) அண்ணன் வேலை. அந்த வேலை எனக்குக் கிடைக்கவே இல்லை என்கிற குறை இன்னும் உண்டு.

ரொம்பவும் உருகக் கூடாது. 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' என்று பேப்பரில் அடிக்கடி வரும். அதில் எத்தனை ஸ்டவ் தானாக வெடித்தது என்று ஊருக்கே தெரியும். கேஸ் வந்த அன்றைக்கு ஆச்சி பெரிய மூச்சாக விட்டாள். இதைப் பெரியவரிடம் சொல்லத் தோன்றவில்லை.

அவர் தூளை நேராகத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்து, மண்டி இறங்கியதும் மர டம்ளரில் ஊற்றித் தந்தார். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. எங்கள் ஊர்க் கடுங்காப்பியேதான், கருப்பட்டி மட்டும் குறைச்சல். பிறகு திருகைத் திறந்தார். உஸ்ஸென்று காற்று போய் இரைச்சல் நின்றது. வீட்டிலும் அப்படித்தான், ஸ்டவ் நின்ற பிறகுதான் வாசலில் கோலம் போடுகிறவர்கள் பேச்சு காதில் விழும். இங்கே விழுந்தது தண்ணீர் கரையில் மோதுகிற சத்தம்.

ஸ்டாக்ஹோமின் லில்லா எஸ்ஸிங்கென் தீவில் பிரீமுஸ் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். ஒரு தெருவுக்கு பிரீமுஸ்காத்தான் என்று பேர் மட்டும் மிச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அந்தப் பெயர்ப் பலகையைப் படம் எடுத்தேன். வீட்டுக்காரர் 'முத்திடுச்சு' என்றார்.

அடுத்த மாதமே பழைய சாமான் சந்தையில் 150 குரோனாவுக்கு ஒன்று மாட்டியது. பால்கனியில் பற்ற வைத்து அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். படத்தைப் பார்க்கும் முன்பே சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏட்டி, அங்க கேஸ் இல்லையா?"

"இருக்கும்மா. நம்ம ஸ்டவ் என்னாச்சு?"

"அத எப்பவோ பாத்திரக்காரன்ட்ட போட்டு எவர்சில்வர் தூக்குவாளி வாங்கியாச்சே."

கேமராவைத் திருப்பிக் காட்டினாள். கைப்பிடி ஒரு பக்கம் கழன்ற தூக்குவாளி, உள்ளே பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கழுநீர். எனக்குக் கோபம்கூட வந்தது. அது பித்தளை, அம்மா.

"பின்னு வச்சிருக்கியா? அடைச்சா என்ன செய்வ?" என்றாள். இல்லை என்றேன். "இரு" என்று போனைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். ரொம்ப நேரம் ஃபேன் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். டப்பாக்கள் உருளும் சத்தம். திரும்பி வந்தவள் கையில் துருப்பிடித்த தகரப் பட்டை ஒன்று. காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்ததாம்.

"நுனிக் கம்பி ஒடிஞ்சு போயிருக்கேம்மா."

"பின்னு இருக்குல்லா" என்றாள்.