அரைக்காசு அம்மனிடம் ஒரு மூக்குக்கண்ணாடி

புதுக்கோட்டையை ஒட்டியே இருக்கிறது திருக்கோகர்ணம். கோகர்ணேஸ்வரர் மலைப்பாறையைக் குடைந்த கருவறைக்குள் இருக்கிறார். ஆனால் வருகிறவர்களில் பாதிப்பேர் தேடி வருவது பிரகதாம்பாளைத்தான். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தை ஆண்ட தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம் அவள். சமஸ்தானம் அடித்த அரைக்காசின் ஒரு பக்கம் அவள் உருவம், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. நவராத்திரியில் அரிசியோடு அந்தக் காசையும் சேர்த்துக் கொடுப்பார்களாம். அப்படித்தான் அவள் அரைக்காசு அம்மன் ஆனாள். காணாமல்போன பொருள் கிடைக்க வெல்லத்தைப் பிடித்து வைத்து அவளை வேண்டிக்கொள்வார்கள். 1948-இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அவள் காசு இப்போது நாணயம் சேகரிப்பவர்களிடம்தான் இருக்கிறது. தொலைந்ததை மீட்டுத் தருகிறவளின் காசுக்கே இந்த நிலைமை!

நான் போனது அம்மாவின் கண்ணாடிக்காக. வீடு மாற்றியபோது லாரியில் ஏற்றிய ஓர் அட்டைப்பெட்டி வந்து சேரவில்லை. ஏற்றி வந்தவர்கள் உள்ளே என்னென்ன இருந்தது, என்ன மதிப்பு என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். மற்றதற்கெல்லாம் ஏதோ ஒரு தொகை போட்டேன். கண்ணாடிக்கு என்ன போடுவது? இடது காதுப்பக்கக் கம்பியின் திருகு எப்போதோ கழன்று விழ, அம்மா அதில் வெள்ளை நூலைச் சுற்றி வைத்திருந்தாள். தலையெண்ணெய் ஏறி ஏறி நூல் கறுத்துப்போயிருந்தது. புதுசு வாங்கலாம் என்றால், "இதுல நல்லாத்தானே தெரியுது" என்பாள். அவள் போனபிறகு அந்த நூலை முகர்ந்தால் எண்ணெய் வாசனை வரும். அதை யாரிடம் சொல்ல முடியும்?

வரிசையில் முன்னால் நின்ற பாட்டி, "என்னம்மா தொலைஞ்சுது, நகையா?" என்றார்.

"கண்ணாடி, பாட்டி."

"பவர் கண்ணாடியா? வேற போட்டுக்கலாமே."

"எங்கம்மாவோடது. அவங்க இல்ல."

பாட்டி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "நல்லா வாய்விட்டுக் கேளு" என்று தனக்கு முன்னால் என்னை விட்டார்.

வாய்விட்டுத்தான் கேட்டேன். அழுகையும் வந்தது, சாவுவீட்டில்கூட வராத அழுகை. செத்தவரைத் திருப்பிக் கொடு என்று எந்தச் சந்நிதியிலும் கேட்க முடியாது. கேட்டால் பைத்தியம் என்பார்கள். கண்ணாடியைத் திருப்பிக் கொடு என்று கேட்கலாம். "போனது போச்சு, பொருள்தானே" என்று ஆறுதல் சொல்கிறவர்களுக்கு இது புரிவதில்லை. அந்தப் பொருளைச் சாக்காக வைத்துத்தான் மிச்சத்தையும் கேட்கிறோம்.

பிரகாரத்தில் உட்கார்ந்திருந்தபோது சதாசிவ பிரம்மேந்திரர் கதை நினைவுக்கு வந்தது. மௌனத்தில் இருந்த அந்தத் துறவி, தொண்டைமான் மன்னருக்கான உபதேசத்தை மணலில் எழுதிக் காட்டினார். மன்னர் அந்த மணலை அப்படியே அள்ளிக்கொண்டுபோய் அரண்மனையில் வைத்துப் பூஜித்தார் என்பார்கள். அள்ளியதும் எழுத்து கலைந்திருக்கும். உபதேசம்தான் மனதில் பதிந்துவிட்டதே, மணல் எதற்கு என்று அவரிடம் யாராவது கேட்டிருப்பார்களா? ராஜா என்பதால் கேட்டிருக்க மாட்டார்கள். என்னிடம் எல்லோரும் கேட்டார்கள்.

கண்ணாடி இதுவரை கிடைக்கவில்லை. கோயிலுக்குப் போய்வந்தபின் அந்த லாரிக்காரர்களுக்குப் போன் போடுவது குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். கிடைத்தால் வெல்லம் வைப்பதாக வேண்டிக்கொண்டது நிலுவையில் நிற்கிறது. "கிடைக்காட்டியும் போய் வெச்சிட்டு வரலாம், நானும் வரேன்" என்கிறாள் அக்கா. அவளுடைய பழைய போன் செத்துப்போனதில், அம்மா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் அத்தனையும் போய்விட்டதாம். அதை இப்போதுதான் சொல்கிறாள். அதையெல்லாம் அம்மனிடம் கேட்கலாமா என்று அவளுக்குச் சந்தேகம். கேட்டுத்தான் பார்ப்போமே என்று சொல்லியிருக்கிறேன்.