பாய்லர் விசிறி சுழலாத காலை

லண்டனின் ஈஸ்ட் ஹாமில் நாங்கள் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டில், அறைகளைச் சூடாக்குவதும் குழாயில் வெந்நீர் தருவதும் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் பழைய காம்பி பாய்லர்தான். வெந்நீரைச் சேமித்து வைக்கும் தொட்டி கிடையாது என்பதால், அது பழுதானால் இரண்டும் ஒருசேர நின்றுவிடும். ஜனவரிக் குளிரில் ஒரு காலை அப்படித்தான் நின்றது.

வெந்நீர்க் குழாயைத் திறந்ததும் முதலில் விசிறி ‘உஸ்’ஸென்று சுழலும், அடுத்துத் தீப்பொறி ‘டிக் டிக்’கென்று தட்டும், அதன் பிறகே சுடர் பற்றும். எரிந்த வாயுவைச் சுவருக்கு வெளியே தள்ளுவது அந்த விசிறி என்பதால், அது சுழல்கிறது என்பதைக் காற்றழுத்த சுவிட்ச் உறுதிசெய்யாத வரை சர்க்யூட் போர்டு கேஸைத் திறந்துவிடாது. அன்று அந்த முதல் ஓசையே எழவில்லை.

குடியிருப்பவர் பார்க்கக்கூடியவை சில உண்டு. அழுத்தமானி 1 பாருக்கு மேல் காட்டியது, வெளியே புகைக்குழாயின் வாயில் அடைப்பில்லை, ரீசெட் பொத்தானை அழுத்தியும் அதே பிழைக் குறியீடுதான் வந்தது. அதற்கு மேல் மூடியைக் கழற்றக் கூடாது. அடுத்த வீட்டு அண்ணன் ஸ்குரூ டிரைவரோடு வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் வீட்டுக்குள் கசியக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கேஸ் வேலையை, அதற்கான அதிகாரப்பூர்வப் பதிவேடான ‘கேஸ் சேஃப்’பில் பதிவுள்ளவர்தான் செய்யலாம். அவருடைய அட்டையின் பின்பக்கத்தில் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று எழுதியிருக்கும்.

புதிதாக வந்தவர்கள் வீட்டுக்காரரிடம் கேட்கத் தயங்கிக் குழந்தைகளோடு குளிரில் நடுங்குவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. பாய்லரைப் பழுதுபார்த்துத் தருவது, 1985ஆம் ஆண்டு வீட்டுக்காரர்–வாடகைதாரர் சட்டத்தின் (Landlord and Tenant Act) 11ஆம் பிரிவுப்படி வீட்டுக்காரரின் கடமை. ‘பாய்லர் ஓடவில்லை’ என்று மட்டும் எழுதாமல், விசிறியின் ஓசை எழவில்லை, அழுத்தம் சரி, குறியீடு இது என்று எழுதி அனுப்பினேன்.

வந்த பொறியாளர் விசிறிக்குச் செல்லும் இணைப்பில் மீட்டரை வைத்துப் பார்த்தார். 230 வோல்ட் வந்தும் விசிறி அசையவில்லை, பேரிங் இறுகியிருந்தது. மின்சாரமே வராமல் இருந்திருந்தால் போர்டையும் ஒயரிங்கையும் சோதிக்க வேண்டியிருந்திருக்கும் என்றார். புதிய விசிறியைப் பொருத்தி, மூடியை மூடி, புகைக்குழாயில் பகுப்பாய்வுக் கருவியைச் செருகி, சுடர் ஒழுங்காக எரிகிறதா என்று அளந்த பிறகே அவர் கிளம்பினார்.