கூலிய ஏத்தணும்தான், ஆனா யாரு பையிலேர்ந்து?

குறைஞ்சபட்ச கூலிய ஏத்தணுமான்னு வலங்கைமான் பக்கம் எந்த டீக்கடைல கேட்டாலும் முக்கால்வாசி பேரு ஆமா ஏத்தணும்னுதான் சொல்வாங்க, அப்ப உங்க வயல்ல நடவாளுக்கு எவ்ளோ தரப்போறீங்கன்னு அடுத்து கேட்டுப் பாருங்க, உடனே நூறு நாள் வேலைய திட்ட ஆரம்பிச்சிடுவாங்க. அதுல 2025 ஏப்ரல்லேர்ந்து தமிழ்நாட்டுக்கு ஒரு நாளுக்கு 336 ரூபான்னு போட்டாங்க, அதுவும் செஞ்ச வேலைய அளவெடுத்து கொறைச்சுதான் கைக்கு வந்துச்சு. அதுக்கே இவ்ளோ வயித்தெரிச்சல்.

எனக்கும் ஆறு மா, அதாவது ரெண்டு ஏக்கர் நெலம் இருக்கு, அதனால இந்த பொலம்பல் புரியாம இல்ல. 2025-26 சீசன்ல சாதா ரக நெல்லுக்கு கவர்மெண்ட் ஊக்கத்தொகையோட சேத்து குவிண்டாலுக்கு 2500 ரூபாதான் குடுத்தாங்க, அதுக்கே டி.பி.சி.ங்கற நெல்லு கொள்முதல் நிலையத்து வாசல்ல குமிச்சு வச்சு தார்ப்பாய் போட்டு ராத்திரி காவல் காத்து, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலன்னு ஒதுக்காம இருக்கணுமேன்னு சாமிய கும்பிடணும். ஆனா ஒண்ணு, உரக்கடைலயோ டீசல் பங்க்லயோ நம்ம பேரம் செல்லாது, பேரம் பேச தோதா இருக்கறது நாத்து பறிக்க வர்ற ஆளுகிட்ட மட்டும்தான், அதான் எல்லா கோவமும் அங்க போகுது. அரைப்படி நெல்லு கூட கேட்ட தகராறு 1968ல கீழவெண்மணில 44 உசுர எரிச்சதுல முடிஞ்ச மண்ணு இது, அதுக்கப்புறம்தான் 1969ல நியாயக்கூலி சட்டமே வந்துச்சு.

நெசத்த சொல்லணும்னா இன்னிக்கு வயல்ல குறைஞ்சபட்ச கூலின்னு கவர்மெண்ட் போட்ட நம்பர யாரு பாக்கறா? ஆத்துல தண்ணி வந்ததும் எல்லாருக்கும் ஒரே வாரத்துல ஆளு வேணும், ஏக்கருக்கு இவ்ளோன்னு காண்ட்ராக்ட் பேசி வங்காளத்து பசங்க நட்டுட்டு போறாங்க, அறுப்புக்கு மெஷின்.

அந்த நம்பர மட்டுமே நம்பி இருக்கறது கும்பகோணத்து கடைகள்ல நிக்கற பொண்ணுங்கதான். அவங்களுக்கு ஏது சீசன், ஏது டிமாண்டு, ஒருத்தி வேலைய விட்டு நின்னா நாளைக்கே இன்னொருத்தி வந்துடுவா. உக்கார சீட்டு குடுக்கணும்னே 2021ல கடைகள் சட்டத்த திருத்த வேண்டியிருந்துச்சு, அதுலயே தெரியலயா. எங்க சித்தி பொண்ணு ஒரு ஜவுளிக்கடைல இருக்கா, மாசம் பொறந்தா கவர்ல பணம், ரிஜிஸ்டர்ல கையெழுத்து, தொகை எழுதற எடம் மட்டும் காலியா இருக்குமாம்! விலைவாசிக்கு ஏத்தாப்ல கூலியோட சேர்ற பஞ்சப்படி வருஷா வருஷம் ஏப்ரல்ல மாறும்டின்னு சொன்னா, அப்படின்னா என்னண்ணேங்கறா.

ஏத்தட்டும், நான் ஏத்துற கட்சிதான், என் நடவு செலவு கூடுனாலும் சரி. ஆனா அந்த காலி கட்டத்த எவனாவது வந்து பாக்கணுமில்ல. தொழிலாளர் துறைக்கு ஒரு மனு எழுதித் தரேன்டின்னேன். எழுதுண்ணே, ஆனா என் பேரு போடாதங்கறா, பேரில்லாத மனுவ எவன் பிரிச்சு படிப்பான்னு தெரியல, எழுதிட்டுதான் இருக்கேன்.