அந்த 212 மணி நேரம்

சென்ற வாரம் ஒரு தம்பி தொலைபேசியில் அழைத்தான். கோயம்புத்தூர்ப் பையன், அமெரிக்காவில் விமானிப் பயிற்சி முடித்து, சம்பளத்துக்குப் பறக்க உதவும் கமர்ஷியல் உரிமம் வாங்கியிருக்கிறான். "அண்ணா, சரக்கு ஏற்றும் செஸ்னா கேரவான் என்ற சிறு விமானத்தில் வலது இருக்கை தருகிறார்களாம். 300 மணி நேரம். பணம் நாம் கட்ட வேண்டும். லாக் புக்கில் துணை விமானி என்று எழுதிக்கொள்ளலாம் அல்லவா?"

"விசாரிக்காமல் ஒரு டாலர் கூடக் கட்டாதே" என்றேன். அவசரமாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பறந்த நேரத்தைப் பதிவுசெய்யும் என் பழைய லாக் புக்கில் 212 மணி நேரத்தை நானே கோடு போட்டு அடித்திருக்கிறேன்.

கான்சாஸில் விமானத்தை வாடகைக்கு ஓட்டும் ஒரு சிறிய சார்ட்டர் நிறுவனத்தில் கிங் ஏர் 200 விமானத்தின் வலது இருக்கையில் பறந்துகொண்டிருந்தேன். இரட்டை எஞ்சின் கொண்டதுதான், ஆனால் ஒரே விமானி ஓட்டலாம் என்று சான்று பெற்ற விமானம். விச்சிட்டாவிலிருந்து பயணிகளோடு டென்வர் போவோம். இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புவோம். இரண்டையும் ஒரே மாதிரி எழுதினேன்: துணை விமானி, 1.7 மணி நேரம். அதே இருக்கை, அதே ரேடியோ வேலை, அதே செக்லிஸ்ட். வித்தியாசம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

லாக் புக்கில் நேரம் எழுதுவதற்கான, அமெரிக்க விமானத் துறையின் (எஃப்.ஏ.ஏ.) விதி 61.51 கேட்பது வேறு. இரண்டாவது விமானி தேவை என்று விமானத்தின் சான்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் அந்தப் பயணத்துக்குரிய விதியாவது சொல்ல வேண்டும். கிங் ஏரின் சான்று சொல்லவில்லை. பயணிகளை ஏற்றிக்கொண்டு கருவி விதிகளின்படி, அதாவது வெளியே பார்ப்பதை நம்பாமல் கருவிகளை நம்பிப் பறக்கும் சார்ட்டருக்கு விதி 135.101 இரண்டாவது விமானியைக் கேட்கிறது. அனுமதி பெற்ற நிறுவனம் அவருக்குப் பதிலாக ஆட்டோபைலட்டை வைத்துக்கொள்ளலாம். எங்கள் நிறுவனம் என்னை நியமித்திருந்தது, அதற்கான தேர்விலும் தேறியிருந்தேன். ஆகவே டென்வர் போன நேரம் எனக்கு உரியது. திரும்பும்போது பயணி யாரும் இல்லை, பறப்பதும் பகுதி 91 என்ற பொதுவான பறத்தல் விதிகளின் கீழ். அங்கே என்னைக் கேட்கும் விதி எதுவும் இல்லை.

இது தெரியவந்தது ஒரு விமான நிறுவனத்தின் நேர்காணலில். எதிரே இருந்தவர் பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்து, "இந்தப் பயணத்துக்கு நீங்கள் எந்த விதிப்படி தேவைப்பட்டீர்கள்?" என்று கேட்டார். பதில் இல்லை. வீட்டுக்கு வந்து எண்ணினேன். 1,540 என்று நம்பியிருந்தது 1,328 ஆயிற்று. பெரிய விமான நிறுவனத்தில் கேப்டனாக வேண்டிய ஏ.டி.பி. உரிமத்துக்கு 1,500 வேண்டும்.

ஆனால் அந்த 212-இல் ஒரு பகுதியைக் காப்பாற்றியிருக்கலாம். திரும்பும் வழியில் பல நாள் கேப்டன், "இனி நீ ஓட்டு" என்று கட்டுப்பாட்டைக் கொடுத்துவிடுவார். பல எஞ்சின் விமானம் ஓட்டும் தகுதியான ரேட்டிங் கையில் இருந்ததால், நான் மட்டும் கட்டுப்பாட்டைக் கையாண்ட நேரத்தைத் தலைமை விமானி நேரமாகவே எழுதலாம். பொறுப்புக் கேப்டன் அவராக இருந்தாலும் விதி அதற்கு இடம் தருகிறது. எந்த நாள், எவ்வளவு நேரம் என்று குறிப்புப் பத்தியில் ஒரு சொல் எழுதியிருந்தால் போதும். அத்தனை வரிகளிலும் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. மேற்குக் கான்சாஸின் இருட்டில் பனிக்கட்டி படிந்த இறக்கையோடு நான் இறக்கிய ஓர் இரவு நினைவிருக்கிறது. தேதி நினைவில்லை. ஊகித்து எழுத மனம் வரவில்லை. லாக் புக்கில் தெரிந்தே பொய் எழுதினால் உரிமங்கள் அத்தனையும் பறிபோகலாம். அதைவிட, அந்த எண்ணை நம்பித்தான் பின்னால் பயணிகள் உட்காருகிறார்கள். சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு வரியாக அடித்தேன். 1,500-க்குக் குறைந்த 172 மணி நேரத்தை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தே மீட்டேன்.

சின்னஞ்சிறு செஸ்னா 172-இல் நண்பன் வெளியே தெரியாதபடி முகமறைப்பு அணிந்து கருவிப் பயிற்சி செய்யும்போது பக்கத்தில் இருந்து வெளியே பார்த்துக்கொள்பவர், அந்த முகமறைப்பு கண்ணில் இருக்கும் நேரத்தைத் துணை விமானியாக எழுதலாம். விதி 91.109 அவரைக் கட்டாயமாகக் கேட்கிறது. கிங் ஏரின் வலது இருக்கைக்குக் கிடைக்காத உரிமை இதற்குக் கிடைப்பதை முதலில் படித்தபோது அநியாயம் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

தம்பியின் கேரவானுக்கு வருகிறேன். ஒற்றை எஞ்சின், ஒரு விமானி, சரக்கு மட்டும், 135.101 பயணிகளைப் பற்றித்தான் பேசுகிறது. மிஞ்சியிருப்பது ஒரே வழி. 2018-இல் எஃப்.ஏ.ஏ. கொண்டுவந்த துணை விமானி மேம்பாட்டுத் திட்டம். அதற்கு நிறுவனம் தனியாக அனுமதி பெற்றிருக்க வேண்டும். வலது பக்கத்திலும் முழுக் கட்டுப்பாடும் வேகமானி, உயரமானி போன்ற கருவிகளும் இருக்க வேண்டும். அப்படிச் சேர்த்த நேரத்தையும் எல்லா நாடும் முழுதாக ஏற்பதில்லை. ஒற்றை விமானிக்குச் சான்று பெற்ற விமானத்தில் துணை விமானியாகப் பறந்த நேரத்தில் பொதுவாகப் பாதிக்கு மேல் கணக்கில் எடுக்க வேண்டாம் என்பது சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வின் இணைப்பு 1. நாளை ஊருக்குத் திரும்பி வேலை தேட நினைப்பவன் இதையும் பார்க்க வேண்டும்.

நேற்று மறுபடி அழைத்தான். "அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொன்னேன் அண்ணா. முதலில் முன்பணம் கட்டு, பிறகு பார்க்கலாம் என்கிறார்கள்." கட்டவில்லையாம். அடுத்த மாதம் பயிற்றுநர் தேர்வுக்குப் பெயர் கொடுத்திருக்கிறான்.