பெல்லை அமுக்குங்கள், கையைப் பிடித்து இழுக்காதீர்கள்

விமானத்தில் எனக்கு எப்போதும் கடைசிக்கு முந்தைய வரிசை, நடைபாதையை ஒட்டிய ஐல் சீட். இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து மணிக்கொரு தரம் எழுந்து நிற்காவிட்டால் கால் மரத்துவிடுகிறது. அதற்கு அந்த இடம்தான் தோது. பின்னாடி இரண்டு எட்டு வைத்தால் கேலி. (கிண்டல் இல்லை, விமானத்துச் சமையல்கட்டுக்கு அதுதான் பெயர். கிண்டலும் அங்கே நடக்கும், பெரும்பாலும் நம்மைப் பற்றித்தான்.)

சில வருஷங்களுக்கு முன் ஓர் இரவுப் பயணம். விளக்கையெல்லாம் அணைத்திருந்தார்கள். மாத்திரை போட வேண்டும், கையில் தண்ணீர் இல்லை. பக்கத்தில் ஒரு பணிப்பெண் வேகமாகக் கடந்து போனார். "எக்ஸ்கியூஸ் மீ" என்று சொல்லிப் பார்த்தேன், இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. எட்டி அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். மறு கையில் அவர் காபி ஜாடி வைத்திருந்ததை இருட்டில் நான் கவனிக்கவில்லை. ஜாடி சாய்ந்து மணிக்கட்டில் சூடாகக் கொட்டியது. "ஸ்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டு, "சொல்லுங்க சார், என்ன வேணும்?" என்றார்.

ஐந்து நிமிஷத்தில் தண்ணீர் வந்தது. கொண்டுவந்த கையில் நனைத்த டிஷ்யூ சுற்றியிருந்தது. மாத்திரை இறங்கிவிட்டது, அந்தத் தண்ணீர் இறங்கவில்லை.

என் அக்கா மகள் ஆறு வருஷமாகக் கேபின் க்ரூவில், அதாவது விமானப் பணிப்பெண்ணாக, இருக்கிறாள். ஊருக்கு உபதேசம் பண்ணும் மாமா இப்படிச் செய்துவிட்டானே என்று காறித் துப்புவாள் என நினைத்துக்கொண்டேதான் சொன்னேன். அவள் துப்பவில்லை. "தலைக்கு மேல பட்டன் எதுக்கு மாமா இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"பெல் அடிச்சுக் கூப்பிட்டா வேலைக்காரங்களைக் கூப்பிடுற மாதிரி இருக்காதா?"

"சட்டையைப் பிடிச்சு இழுக்கிறது மட்டும் எப்படி இருக்காம்?"

பதில் இல்லை. அன்றைக்குப் பேச ஆரம்பித்தவள் இரண்டு மணி நேரம் நிறுத்தவில்லை. இடுப்பில் குத்துவார்கள், முழங்கையைத் தட்டுவார்கள், குனிந்து அந்தப் பக்கம் சாப்பாடு கொடுக்கும்போது இந்தப் பக்கத்திலிருந்து முதுகைச் சுரண்டுவார்கள். விரல் சொடுக்குகிறவர்கள் தனி ஜாதி. காலிக் கோப்பையைப் பேசாமல் ஐலுக்குள் நீட்டிக்கொண்டே இருப்பவர்களும் உண்டாம், மைல்கல் மாதிரி. "பெல் அடிச்சா எங்களுக்குக் கோபமே வராது மாமா. எந்த வரிசைன்னு விளக்கு சொல்லிடும். நான் கையில இருக்கிறதை வெச்சிட்டு வருவேன்."

விளக்கு விஷயம் எனக்குப் புதிது. பயணி பட்டனை அமுக்கினால் அந்த வரிசைக்கு மேலே பெரும்பாலான விமானங்களில் நீல விளக்கு எரியும், "டிங்" என்று ஒரே ஒரு சத்தம். கழிப்பறைக்குள்ளிருந்து யாராவது அமுக்கினால் மஞ்சள் விளக்கு. "டிங்-டாங்" என்று இரட்டையாகக் கேட்டால் அது நமக்கில்லை, முன்னால் இருக்கும் க்ரூ பின்னால் இருப்பவரைப் போனில் கூப்பிடுகிறார். தெரியாமல் கை பட்டுவிட்டால் அதையே இன்னொரு தடவை அமுக்கினால் அணைந்துவிடும். முன் சீட்டுத் திரையிலேயே பட்டன் இருக்கும் விமானங்களில் வாசிப்பு விளக்குப் படமும் ஆள் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். விளக்குப் போடுகிறேன் என்று நாலு தடவை க்ரூவை வரவழைத்த அனுபவம் எனக்கே உண்டு.

சரி, பெல் அடிக்கலாம். எப்போது அடிக்கலாம் என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறோம்.

எல்லோரும் ஏறிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் கேட்பது மிக மோசமான நேரம். பல நாடுகளின் விதிப்படி 50 இருக்கைக்குக் குறைந்தது ஒரு க்ரூ இருக்க வேண்டும். 180 இருக்கையுள்ள விமானத்தில் நாலு பேர் என்று வையுங்கள். ஆளுக்கு 45 பயணிகள். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு நிமிஷம் ஒதுக்கினாலும் முக்கால் மணி நேரம் போச்சு. அந்தச் சமயத்தில் வாசலில் நின்று சிரித்து வணக்கம் சொல்வதாக நமக்குத் தெரிகிறது. அவர்கள் உண்மையில் பார்ப்பது வேறு: யார் தள்ளாடுகிறார், யாருக்கு உடம்பு முடியவில்லை, அவசரக் கதவுக்குப் பக்கத்தில் உட்காரப் போகிறவரால் அதைத் திறக்க முடியுமா. பெட்டியைத் தூக்கி மேலே வைக்கச் சொல்வதும் இங்கே சேர்த்தி. ஒரு கை கொடுப்பார்கள். முழுசாகத் தூக்குவது அவர்கள் வேலை இல்லை. தினமும் நாலு விமானம், விமானத்துக்குப் பத்துப் பெட்டி என்று தூக்கினால் முதுகு என்னத்துக்கு ஆகும்?

விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் க்ரூ மடக்கு சீட்டில் பெல்ட் போட்டு, உள்ளங்கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குளிரில் அப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் நெடுநாள் நினைத்தேன். மனசுக்குள் ஓர் ஒத்திகை ஓடுகிறதாம். இப்போது ஏதாவது ஆனால் என் கதவு எது, வெளியே தீ இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பேன், கதவை எப்படித் திறப்பேன், என்ன கத்துவேன், யாரை உதவிக்குக் கூப்பிடுவேன். ஒரு விமான மாடலுக்கு அனுமதி தருவதற்கு முன், பாதிக் கதவுகளை மட்டும் வைத்துக்கொண்டு 90 விநாடியில் எல்லோரையும் வெளியேற்ற முடியும் என்று காட்ட வேண்டும். அந்தக் கணக்கில்தான் அந்த உள்ளங்கைகள் அங்கே இருக்கின்றன. அந்த நேரத்தில் "இன்னொரு தலையணை கிடைக்குமா" என்று நீல விளக்கைப் போட்ட ஒரு புண்ணியவானின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். விளக்கு தரை தொடும் வரை எரிந்தது, யாரும் வரவில்லை. அவருக்கு ஒரே கோபம்.

சீட் பெல்ட் விளக்கு நடுவானில் எரியும்போதும் இதே கதைதான். விமானம் குலுங்குவதில் அடிபடுகிறவர்களில் க்ரூ அதிகம், ஏனென்றால் நாம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், அவர்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

டிராலி வருவதற்கு இருக்கிற மரியாதையைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு போடலாம். நிறைத்த பெரிய டிராலி ஒன்று ஓர் ஆளின் எடைக்கு மேல் இருக்கும். நடுவானில் நேராகப் பறக்கும்போதும் விமானத்தின் மூக்கு இரண்டு மூன்று டிகிரி தூக்கித்தான் இருக்கும்; பின்னாலிருந்து முன்னால் தள்ளுவது மேட்டில் தள்ளுகிற கதை. கீழே பாருங்கள், சிவப்பு மிதி பிரேக், பச்சை மிதி விடுவிக்க. ஒவ்வொரு வரிசையிலும் சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை. டிராலியை ஐலில் அநாதையாக விட்டுவிட்டுப் போகவும் கூடாது. அதனால் அந்த நேரத்தில் போர்வை கேட்டால் கொடுக்க மனசில்லாமல் இல்லை, போக முடியாது. "கொண்டுவரேன் சார்" என்று சொல்லி மனசில் வைத்துக்கொள்வார். 12-இல் போர்வை, 14-இல் பாலுக்கு வெந்நீர், 17-இல் பேனா. நாலாவது ஆள் கேட்கும்போது முதல் ஆள் மறந்து போனால், மறுபடி ஒரு முறை ஞாபகப்படுத்துவதில் குற்றமே இல்லை. "எத்தனை தடவை கேட்கிறது" என்கிற முன்னுரை இல்லாமல் ஞாபகப்படுத்தினால் போதும்.

ஹெட்ஃபோன். இதைச் சொல்லாமல் விட முடியாது. "சார், என்ன சாப்பிடுறீங்க?" "ஆங்?" "என்ன சாப்பிடுறீங்க?" "ஆங்?" மூன்றாவது தடவை காதிலிருந்து ஒரு பக்கத்தை மட்டும் ஒதுக்கி, "என்னென்ன இருக்கு?" அதை அவர் சொல்லி முடித்ததும், "அவருக்கு என்ன குடுத்தீங்க?" முந்தைய இருபது வரிசைக்கும் இதே வசனம் நடந்திருக்கும். டிராலி மூன்று வரிசை முன்னால் இருக்கும்போதே காதைத் திறந்துகொண்டால் என்ன குறைந்துவிடும்?

அதே மாதிரி சங்கிலிக் கோரிக்கை. ஐல்காரர் தண்ணீர் கேட்பார். வந்ததும் நடு சீட்காரருக்குத் தாகம் எடுக்கும். அது வந்ததும் ஜன்னல்காரர், "எனக்கும் ஒண்ணு." மூன்று நடை. நான் இப்போதெல்லாம் பெல்லை அமுக்குமுன் பக்கத்தில் கேட்டுவிடுகிறேன்: "உங்களுக்கு ஏதாவது வேணுமா?"

டீ ஆறியிருக்கிறது என்று சண்டை பிடிப்பவர்களுக்கு ஒரு தகவல். கேபினுக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது மாதிரி. 8,000 அடியில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் டீ சூடாக வேண்டுமென்றால் ஆகாயத்தோடுதான் சண்டை போட வேண்டும், அந்தப் பெண்ணோடு அல்ல.

குழந்தையின் டயப்பரை, சாப்பாடு கொடுத்துக்கொண்டிருக்கும் கையில் கொடுக்காதீர்கள். இதற்கு விளக்கம் வேறு எழுத வேண்டுமா.

இவ்வளவு சொன்னதும் கூச்ச சுபாவக்காரர்கள் இன்னும் சுருங்கிவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. ஒருமுறை என் பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். நாலு மணி நேரமாகத் தண்ணீரும் குடிக்கவில்லை. "போர்வை கேளுங்களேன்மா" என்றேன். "பாவம், அந்தப் பொண்ணு ஓடிக்கிட்டே இருக்கு. நாம வேற எதுக்குப்பா." கேபின் காற்றில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழேதான் இருக்கும், குடிக்காமல் இருந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், தலை சுற்றும். நானே பெல்லை அமுக்கினேன். வந்த பையன் இரண்டு போர்வை கொண்டுவந்து ஒன்றைக் காலுக்குச் சுற்றிவிட்டு, "முன்னாடியே கூப்பிட்டிருக்கலாமே பாட்டி" என்றான். என் அக்கா மகளும் இதைத்தான் சொல்கிறாள். பயணி மயங்கி விழுந்தபின் செய்யும் வேலையை விட ஒரு தம்ளர் தண்ணீர் கொடுப்பது சுலபம்.

நேரம் காலமே பார்க்காமல் பெல் அடிக்க வேண்டிய விஷயங்களும் இருக்கின்றன. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கருகல் வாசனை, பவர் பேங்க் சூடாவது. நாம் அற்பம் என்று நினைக்கும் ஒன்றும் இந்தப் பட்டியலில் உண்டு: போன் சீட் இடுக்கில் விழுவது. துழாவாதீர்கள், சீட்டைச் சாய்க்கவோ நிமிர்த்தவோ செய்யாதீர்கள். சீட்டின் இரும்புக்குள் போன் நசுங்கினால் பேட்டரி தீப்பிடிக்கும். கூப்பிட்டால் அவர்களே எடுத்துத் தருவார்கள். "ஒரு போனுக்காகவா கூப்பிடுறது" என்று அரை மணி நேரம் சீட்டை ஆட்டி ஆட்டித் தேடிய ஆள் நான். அக்கா மகளிடம் சொன்னபோது அந்த இடத்தில்தான் அவள் நிஜமாகத் திட்டினாள். காபி கொட்டியதற்குக்கூட அப்படித் திட்டவில்லை.

அவள் சொன்ன ஒரு பழைய கதை. வானத்தில் பரிமாறும் வேலையை முதலில் பார்த்தவர் ஹைன்ரிச் குபிஸ் என்ற ஜெர்மானியர், 1912-இல், செப்பலின் வான்கப்பலில் (வாயு நிரப்பிய ராட்சத பலூன் மாதிரிப் பறக்கும் ஊர்தி). 1937-இல் ஹிண்டன்பர்க் வான்கப்பல் தீப்பிடித்தபோதும் தலைமைப் பரிசாரகர் அவர்தான். கப்பல் தரையை நெருங்கும் வரை காத்திருந்து, சாப்பாட்டு அறை ஜன்னல் வழியாகக் குதிக்கச் சொல்லிப் பயணிகளை வெளியே அனுப்பிவிட்டுத் தானும் குதித்துப் பிழைத்தார். "தட்டு எடுத்த கைதான் மாமா" என்றாள் அவள், பெருமையாக.

போன மாதம் மறுபடியும் ஓர் இரவுப் பயணம், அதே வரிசை. கால் மரத்துப்போய் எழுந்தேன், தாகமாகவும் இருந்தது. பெல் எதற்கு, கேலியிலேயே போய்க் கேட்டுவிடலாம் என்று இரண்டு எட்டு வைத்தேன். திரை பாதி மூடியிருந்தது. உள்ளே ஒரு பெண், செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றபடி, டிராலியின் மேல் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வாய்கூட ஆகியிருக்காது. "டிங்." மூடியை எடுத்துத் தட்டின் மேல் வைத்தார், வாயைத் துடைத்தார், செருப்பை மாட்டினார், என்னைத் தாண்டி ஓடினார். திரும்பி வந்து, செருப்பைக் கழற்றி, மூடியைத் திறந்தார். "டிங்." மறுபடி மூடி.

மூன்றாவது முறை அவர் மூடியைத் திறந்தபோது நான் கழிப்பறைக்கு நிற்பவன் மாதிரி மேலே பார்த்துக்கொண்டு நின்றேன். "ஏதாவது வேணுமா சார்?" என்று வாயில் சோற்றோடு கேட்டார். "கால் மரத்துப்போச்சு, சும்மா நிக்கிறேன்" என்றேன்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் பக்கத்து சீட் தம்பி கேட்டான்: "தண்ணி கிடைச்சுதா அங்கிள்? எனக்கும் வேணும்." பட்டனுக்குக் கையைத் தூக்கினான்.

"ஒரு பத்து நிமிஷம் பொறுப்பா" என்றேன்.