இரும்பு இரைச்சலைத் தேடிப் போன நாள்

விடிந்தும் விடியாத நேரத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பழைய காசு தேடி, மண்ணுக்கடியில் கிடக்கும் உலோகத்தைச் சத்தமிட்டுக் காட்டும் மெட்டல் டிடெக்டரோடு நிலத்துக்குள் இறங்கினோம். எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்த வாரமே யாராவது கேட்காமல் கொள்ளாமல் போய்த் தோண்டிவிடுவார்கள். நிலத்துக்காரர் கொடுத்த அனுமதி எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான். பல நாடுகளில் நிலத்துக்காரர் சம்மதம் மட்டும் போதாது, அரசின் உரிமமும் வேண்டும். பாதுகாக்கப்பட்ட பழைய சின்னங்கள் பக்கம் கருவியோடு போகவே கூடாது. இதையெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தோம்.

கூட வந்த அண்ணன் இருபது வருடமாக மெட்டல் டிடெக்டரோடு அலைகிறவர். எனக்கு இது மூன்றாவது பயணம். “இடத்தை நீயே சொல்லு தம்பி” என்றார். நான் மேட்டுப் பக்கம் இருந்த அகலமான புல்வெளியைக் காட்டினேன். சமதளம், கல் இல்லை, நடக்கச் சுகம்.

மூன்று மணி நேரம் நடந்தேன். ஹெட்போனில் சத்தமே இல்லை. கிடைத்தது ஒரு கசங்கிய அலுமினியத் தாள். சுத்தமான நிலம் என்று நான் சந்தோஷமாகச் சொன்னபோது அண்ணன் சிரிக்கவில்லை. “ஆணிகூட இல்லைன்னா இங்க மனுஷன் தங்கவே இல்லைன்னு அர்த்தம். மனுஷன் இல்லாத இடத்துல காசு எப்படி விழும்?”

அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது இதுதான். கருவி வாங்கிய புதிதில் துருப்பிடித்த இரும்பின் சத்தம் எரிச்சலாக இருக்கும், அதை அமுக்கிவிட்டுத்தான் நடப்போம். ஆனால் ஆணி கிடக்கிறது என்றால் அங்கே வீடோ கொட்டகையோ வண்டியோ இருந்திருக்கும். ஆட்கள் வந்து போயிருப்பார்கள்.

நிழலில் உட்கார்ந்து போனில் பழைய நில வரைபடத்தை எடுத்து, இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்துப் பார்த்தோம். புல்வெளிக்குக் கீழே ஒரு புள்ளிக்கோடு ஆற்றை நோக்கி இறங்கியது. இப்போது அங்கே பாதை இல்லை. பாலம் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. பாலம் வருவதற்கு முன்னால் எல்லோரும் இறங்கிக் கடந்த துறை இது. ஒரு துறையில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மூட்டையை இறக்குவார்கள், செருப்பைக் கழற்றுவார்கள், துணியைத் தூக்கிச் செருகுவார்கள், இடுப்பில் முடிந்த காசு நழுவும். ஈரத்திலும் சேற்றிலும் விழுந்த காசு சத்தம் போடாது. பழைய சந்தைத் திடல், இரண்டு பாதை கூடும் இடம், வழிப்போக்கர் இளைப்பாறிய மரத்தடி எல்லாம் இதே கணக்குதான். ஆள் குனிந்த இடம், உட்கார்ந்த இடம், காசு கைமாறிய இடம்.

துறைக்குப் போனாலும் தண்ணீர் ஓரத்தில் நிற்க வேண்டாம் என்றார் அண்ணன். வெள்ளம் கொண்டுவரும் வண்டல் வருடா வருடம் மேலே படியும். தனிக் காசு ஒன்றைச் சாதாரணக் கருவி பிடிப்பது ஏறக்குறைய ஒரு சாண் ஆழம் வரைதான். அதனால் கரைக்குச் சற்று மேலே, பாதை சமமாகிற திட்டில் தொடங்கினோம். முந்தின வாரம்தான் உழுதிருந்தார்கள், மழையும் பெய்திருந்தது. உழுதால் அடியில் கிடப்பது மேலே வரும். மண் ஈரமாக இருந்தால் சத்தமும் பெரும்பாலும் தெளிவாகக் கேட்கும்.

வைத்தவுடன் ஒரே இரைச்சல். ஆணி, லாடத் துண்டு, மறுபடி ஆணி. அண்ணன் தன் பெரிய காயிலை, அதாவது தரைக்கு மேலே வீசுகிற கருவியின் வட்டத் தட்டை, கழற்றிச் சின்னதை மாட்டினார். சின்ன காயில் ஒரு நேரத்தில் கொஞ்ச இடத்தைத்தான் பார்க்கும். அதனால் ஆணிக்குப் பக்கத்திலேயே கிடக்கிற காசைத் தனியாகப் பிரித்துக் காட்டும். நான் வீசுவதைப் பாதி வேகமாகக் குறைத்தேன். முற்பகலில் நடந்த தூரத்தில் பத்தில் ஒரு பங்குகூட நடந்திருக்க மாட்டேன்.

கரகரப்புக்கு நடுவே ஒரு மெல்லிய உயர்ந்த ஒலி. இடமிருந்து வலம் கேட்டது, வலமிருந்து இடமும் கேட்டது. தொண்ணூறு பாகை திரும்பி நின்று வீசினேன், அப்போதும் அதே ஒலி. இரும்பின் சத்தம் பெரும்பாலும் ஒரு பக்கம் கேட்டால் மறுபக்கம் உடைந்துவிடும். ஐந்து விரல் ஆழத்தில் மண்கட்டி பிளந்து, பச்சைக் களிம்பேறிய செப்புக்காசு ஒன்று விளிம்பு காட்டி நின்றது. கட்டைவிரல் தானாகத் துடைக்கப் போனது. அண்ணன் தடுத்தார். ஒட்டிய மண்துகள் தேய்த்தால் எழுத்தையே கீறிவிடும். அப்படியே டப்பாவில் வைத்து, கிடைத்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டோம்.

அடுத்த ஒலி நான்கு அடி தள்ளி, கனமாகக் கேட்டது. முழங்கை வரை இறங்கிவிட்டேன். மண் நிறம் மாறியது, உழவு தொடாத கெட்டி மண். ஓரத்தில் வளைந்த பானை ஓட்டுச்சில்லு ஒன்று தெரிந்தது. “போதும், கையை எடு” என்றார் அண்ணன்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. 1992-இல் இங்கிலாந்தின் ஹாக்ஸ்னில் எரிக் லாஸ் என்பவர் டிடெக்டரோடு ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடப்போய் ரோமானியப் புதையலைக் கண்டார். எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகாமல் தகவல் சொன்னதால்தான் சுமார் 15,000 காசுகளும் நகைகளும் பெட்டிக்குள் எப்படி அடுக்கியிருந்தன என்பதுவரை தொல்லியலாளர்களால் அறிய முடிந்தது. 2010-இல் அதே நாட்டின் ஃப்ரோமில் டேவ் கிறிஸ்ப் என்பவரும் பானையின் வாயைப் பார்த்ததும் குழியை மூடிவிட்டார். அதற்குள் 52,000-க்கும் மேற்பட்ட காசுகள் இருந்தன.

எங்கள் குழியில் என்ன இருக்கிறதோ தெரியாது. ஓட்டுச்சில்லைத் தொடாமல் மண்ணைத் திரும்பப் போட்டு, காலால் மிதித்துச் சமன் செய்தோம். நிலத்துக்காரரிடம் காசைக் காட்டி, இடத்தையும் சொன்னோம். தொல்லியல் துறைக்கு அவரே எங்கள் எதிரில் போன் செய்தார். இருட்டும்வரை அவர் அந்தக் காசை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.